1,306 கால்கள்: பூமிக்கு அடியில் சிக்கிய நிஜமான ‘ஆயிரங்காலி’... புது இனம் என்று எப்படி முடிவானது?

‘மில்லிபீட்’ என்ற சொல்லை லத்தீனில் பிரித்தால் ‘ஆயிரம் கால்’ என்று வரும். மழைக்காலத்தில் தோட்டத்து மண்ணிலும் பாத்ரூம் மூலையிலும் ஊர்ந்து போகுமே, தொட்டால் காசு மாதிரி சுருண்டுகொள்ளுமே, அந்த மரவட்டைதான் அது. சில ஊர்களில் ரயில் பூச்சி என்பார்கள். பொறுமையாக உட்கார்ந்து அதன் கால்களை எண்ணினால் ஆயிரம் வரவே வராது. பெரும்பாலான இனங்களில் சில நூறைத் தாண்டுவதே பெரிய விஷயம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள். அதுவாவது 15-ல் கோட்டைவிட்டது. மரவட்டை பக்கத்தில்கூட வரவில்லை.

உலகம் முழுக்க இதுவரை பெயர் வைக்கப்பட்ட மரவட்டை இனங்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். அத்தனையிலும் அதிகக் கால்கள் என்ற சாதனை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ‘இல்லாக்மி பிளெனிபெஸ்’ என்ற இனத்திடம் இருந்தது. எத்தனை தெரியுமா? 750. நூறாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அந்த எண்ணை யாராலும் அசைக்க முடியவில்லை.

2021 டிசம்பர் 16-ம் தேதி ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு அடியில் 60 மீட்டர் ஆழம் வரை வாழும் ஒரு புது மரவட்டை. அதில் ஒரு பெண் உயிரிக்கு 1,306 கால்கள். ‘மில்லிபீட்’ என்ற பேருக்கு முதல்முறையாக ஒரு நிஜமான சொந்தக்காரர் கிடைத்தார். ‘யூமிலிப்ஸ் பெர்செஃபோனி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அன்றைக்கு உலகம் முழுக்கச் செய்தியானது அந்த எண்தான். ஆனால், இது கிடைத்த இடமும் கிடைத்த விதமும் அந்த எண்ணைவிடச் சுவாரஸ்யமானவை. கொஞ்சம் கவலைக்கு உரியவையும்கூட.

200 அடி போர்... உள்ளே சருகுக் கோப்பை

மேற்கு ஆஸ்திரேலியாவில் ‘கோல்ட்ஃபீல்ட்ஸ்’ என்று ஒரு பகுதி. பெயரே தங்க வயல். 1893-ல் கல்கூர்லியில் தங்கம் கிடைத்ததில் இருந்து அங்கே மண்ணைத் தோண்டுவது நிற்கவே இல்லை. சுரங்கம் வெட்டுவதற்கு முன்னால், கீழே என்ன தாது இருக்கிறது என்று பார்க்க ஆங்காங்கே குறுகலான துளை போடுவார்கள். நம்ம ஊரில் போர் போடுவது மாதிரிதான். தண்ணீருக்குப் பதில் தாது தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தத் துளைகள் உயிரியலாளர்களுக்கும் ஒரு ஜன்னல். 60 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 200 அடி, 20 மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்த ஆழம். அவ்வளவு கீழே போய் மண்ணைக் கிளறிப் பார்க்க முடியாது. அதனால் ஒரு எளிய தந்திரம் செய்கிறார்கள். ஈரமான இலைச் சருகை ஒரு கோப்பையில் அடைத்து, கயிற்றில் கட்டித் துளைக்குள் இறக்கிவிடுவது. இருட்டில், சாப்பாடு அரிதான இடத்தில், மக்கிய இலை வாசம் என்பது ஒரு விருந்து அழைப்பு. வாரக்கணக்கில் காத்திருந்து கோப்பையை மேலே இழுத்தால், வந்த விருந்தாளிகள் சருகுக்குள் இருப்பார்கள்.

சருகுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மில்லிமீட்டர் உயிரிகளை எப்படிப் பிரிப்பது? சருகை ஒரு புனலில் கொட்டி, மேலே ஒரு பல்பைப் போட்டுவிடுவார்கள். வெளிச்சமும் சூடும் பிடிக்காத உயிரிகள், ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கி, புனலின் அடியில் வைத்திருக்கும் ஆல்கஹால் குப்பியில் விழுந்துவிடும். ‘டல்க்ரென் புனல்’ என்று பெயர். நூறாண்டுப் பழைய உத்தி. இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

பெர்த் நகரில் இருக்கும் ‘பென்னலாங்கியா’ என்ற சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தின் உயிரியலாளர் புருனோ புஸாட்டோ, இப்படிச் சேகரித்த உயிரிகளுக்கு நடுவேதான் நூல் மாதிரி ஒரு ஜீவனைப் பார்த்தார். வெளிறிய நிறம். கண் இல்லை. கூம்பு மாதிரி சின்னத் தலை, அந்தத் தலைக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிய உணர்கொம்புகள். விஷயம் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பால் மாரெக்கிடம் போனது.

ஏன் அவர்? பழைய சாதனையாளரான இல்லாக்மி பிளெனிபெஸ், 1928-ல் விவரிக்கப்பட்ட பிறகு ஆளையே காணோம். அழிந்துபோயிருக்கலாம் என்றே நினைத்தார்கள். கிட்டத்தட்ட 80 ஆண்டுகளுக்குப் பிறகு, 2005-ல் கலிஃபோர்னியாவின் சான் பெனிட்டோ பகுதியில் அதைத் திரும்பத் தேடிப் பிடித்தவர்தான் மாரெக். பழைய சாம்பியனை மீட்டவரே, அதன் பட்டத்தைப் பறிக்கும் கட்டுரைக்கும் முதல் ஆசிரியர் ஆனார்.

கால்களை எண்ணுவது எப்படி?

சாதனை படைத்த பெண் மரவட்டையின் நீளம் 95.7 மில்லிமீட்டர், அகலம் 0.95 மில்லிமீட்டர். அதாவது அகலத்தைப் போல நூறு மடங்கு நீளம். கிட்டத்தட்ட ஒரு விரல் நீளத்துக்கு ஒரு தடித்த தையல் நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 330 வளையங்கள்.

இங்கே பூரானையும் மரவட்டையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். விஷக் கொடுக்கு உண்டு, வேட்டையாடும். மரவட்டையோ மக்கியதைத் தின்னும் சாது. அதன் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும். வளரும்போது இரண்டு வளையங்கள் ஒட்டி ஒன்றாகிவிடுவதால் வந்த ஏற்பாடு அது. ஆனால் எல்லா வளையத்திலும் கிடையாது. தலையை அடுத்த கழுத்து வளையத்தில் கால் இல்லை. அடுத்த மூன்றில் ஒரு ஜோடிதான். வால் முனையிலும் கால் இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். 330-ல் கழுத்து, வால் முனை இரண்டையும் கழித்தால் 328. அதில் மூன்று வளையங்களுக்கு ஒரு ஜோடி வீதம் 6 கால்கள். மீதி 325 வளையங்களுக்கு நான்கு வீதம் 1,300. மொத்தம் 1,306. கச்சிதம்.

இதே கட்டுரையில் இன்னொரு பெண்ணுக்கு 998 கால்கள். ஐயோ, இரண்டு கால் குறைந்துபோனதே என்று தோன்றும். இரண்டு ஆண்களுக்கு 818, 778. ஒரே இனத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? மரவட்டைக் குஞ்சு முட்டையில் இருந்து வரும்போதே எல்லாக் கால்களோடும் வருவதில்லை. பெரும்பாலும் மூன்று ஜோடிக் கால்தான் இருக்கும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வால் பக்கம் புதிதாகச் சில வளையங்கள் முளைக்கும், கூடவே கால்களும். சில மரவட்டைகள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். யூமிலிப்ஸ் சேர்ந்திருக்கும் ‘பாலிசோனிடா’ வரிசையில் வயதுக்கு வந்த பிறகும் இது தொடரும். எனவே 1,306 என்பது இந்த இனத்தின் நிரந்தர எண் இல்லை. அந்த ஒரு பெண், பிடிபட்ட நாளில் எட்டியிருந்த எண்.

‘புது இனம்’ என்று யார் சொல்வது?

ஒரு உயிரியைக் கண்டுபிடிப்பது வேறு. அதை அறிவியல் முறைப்படி ‘விவரிப்பது’ வேறு. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். உண்மையில் உழைப்பெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதலில், இது ஏற்கெனவே யாரோ பெயர் வைத்த உயிரி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பழைய கட்டுரைகள், அருங்காட்சியகக் குப்பிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். மரவட்டை விஷயத்தில் நிறத்தையும் நீளத்தையும் நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஆண் மரவட்டைக்கு விந்தணுவைக் கடத்துவதற்காகவே சில கால்கள் உருமாறியிருக்கும். அதன் வடிவம்தான் பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறும் கைரேகை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் காலைப் படமெடுத்து, ஒவ்வொரு முள்ளாக வர்ணிப்பார்கள். கூடவே டிஎன்ஏ.

இந்த டிஎன்ஏவில்தான் ஒரு திருப்பம். யூமிலிப்ஸும் இல்லாக்மியும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டுமே வெளிறி, கண்ணில்லாமல், நூலாக நீண்டவை. ஆனால் மரபணுவைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. பாலிசோனிடா வரிசையில் யூமிலிப்ஸின் மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் குட்டையாகவும் கால்கள் குறைவாகவும் கண்களோடும் இருப்பவர்கள். அதாவது கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு தனித்தனி வம்சங்கள், மண்ணுக்கு அடியில் வாழப்போய், தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பரிணாமம் ஒரே விடையை இரண்டு முறை எழுதியிருக்கிறது.

ஒப்பீடு முடிந்ததும் ஒரு மாதிரியை ‘ஹோலோடைப்’ என்று குறிக்க வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய மூல உயிரி அதுதான். நாளைக்கு எவருக்காவது சந்தேகம் வந்தால் அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கலாம். யூமிலிப்ஸின் ஹோலோடைப் பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அடுத்தது பெயர். விலங்குகளுக்குப் பெயர் வைக்கச் சர்வதேச விதிமுறைத் தொகுப்பே உண்டு. ஆன்லைனில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், 2012-ல் இருந்து ‘ஸூபேங்க்’ என்ற பதிவேட்டிலும் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் வெளியிட்டால் பெயர் செல்லாது. பத்திரப் பதிவு மாதிரிதான்.

‘யூ’ என்றால் கிரேக்கத்தில் ‘உண்மையான’. அதோடு ஆயிரம், கால் என்ற இரண்டு லத்தீன் சொற்கள். ஆக, ‘உண்மையான ஆயிரங்காலி’. பெர்செஃபோனி, கிரேக்கப் புராணத்தில் வரும் பாதாள அரசி. பூமிக்கு மேலே இருந்தவளை ஹேடிஸ் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடுகிறான். மேலே வாழ்ந்த முன்னோர்களில் இருந்து கீழே போன உயிரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம்.

எதுக்கு இத்தனை கால்?

வேகத்துக்கு இல்லை. மரவட்டை ஓடி யாரும் பார்த்ததில்லை. கால்கள் அதிகமானால் தள்ளும் விசை அதிகமாகும். பாறையின் மெல்லிய விரிசலுக்குள் நுழைய அந்த விசை வேண்டும். உடல் நூல் மாதிரி இருப்பதும், வளையங்கள் பழைய ரேடியோ ஆன்டெனா போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளக்கூடியவையாக இருப்பதும் அதற்காகத்தான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தலை ஒரு சந்தில் வளைந்திருக்கும்போதே நடு உடல் வேறொரு சந்திலும் வால் மூன்றாவதிலும் இருக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் கால்கள் துணை.

சாப்பாடு? இந்த வரிசை மரவட்டைகள் பூஞ்சைகளை உறிஞ்சி வாழ்பவை. மேலே இருக்கும் மரங்களின் வேர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. வேரை ஒட்டி வளரும் பூஞ்சைதான் உணவாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இது முக்கியமான விஷயம். கீழே உள்ள உயிரியின் சாப்பாட்டுத் தட்டு மேலே உள்ள மரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

அப்புறம் ஏன் கீழே போனது? கோல்ட்ஃபீல்ட்ஸின் தரை இன்றைக்குச் சிவந்து காய்ந்து கிடக்கிறது. கல்கூர்லியில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 300 மில்லிமீட்டரைத் தொடாது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்த நிலப்பரப்பு ஈரமாக, காடுகளோடு இருந்தது. மெல்ல மெல்ல வறண்டபோது ஈரம் தேடும் உயிரிகளுக்கு இரண்டே வழிகள். அழிவது, அல்லது ஈரம் இருக்கும் இடத்துக்கு இறங்குவது. இறங்கியவர்களின் வாரிசுதான் யூமிலிப்ஸ். மேலே வெயில் என்ன கொளுத்தினாலும் 60 மீட்டருக்குக் கீழே அதே இருட்டு, அதே ஈரம்.

தாது இருக்கும் இடத்திலேயே வீடு

இப்போது சிக்கலுக்கு வருவோம். புஸாட்டோ அங்கே மரவட்டை தேடிப் போகவில்லை. சுரங்கம் வரக்கூடிய இடத்தில், நிலத்துக்கு அடியில் என்னென்ன உயிரிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் வேலைக்குத்தான் அந்தக் கோப்பைகள் இறக்கப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில், நிலத்தடி உயிரிகளுக்குப் பாதிப்பு வரலாம் என்றால் திட்டத்துக்கு முன்பே இந்த ஆய்வைச் செய்தாக வேண்டும். மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. மண்ணுக்கு மேல் உள்ள பறவை, விலங்கைக் கணக்கெடுப்பது எங்கும் உள்ளது. கண்ணுக்கே தெரியாத பாதாளவாசிகளையும் கணக்கில் சேர்க்கச் சொல்லும் ஏற்பாடு உலகில் மிக அரிது.

வெறும் சம்பிரதாயமா என்றால், இல்லை. 2007-ல் அதே மாநிலத்தின் பில்பரா பகுதியில் ‘மேசா ஏ’ என்ற இரும்புத் தாதுத் திட்டம் வந்தது. அந்தக் குன்றுக்குள் மட்டுமே வாழும் சில்லறை உயிரிகளைக் காரணம் காட்டி, திட்டம் வேண்டாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. சிலந்திகளின் உறவுக்காரர்களான, சில மில்லிமீட்டரே நீளமுள்ள கண்ணில்லாத ஜீவன்கள் அவை. மேல்முறையீட்டுக்குப் பிறகு, குன்றின் ஒரு பகுதியைத் தொடாமல் விட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடுதான் அனுமதி கிடைத்தது. சுரங்கமும் வந்தது, குன்றின் மிச்சமும் நிற்கிறது.

இங்கேதான் பெயர் வைப்பது வெறும் ஆய்வக விளையாட்டு இல்லை என்பது புரியும். பெயரில்லாத உயிரிக்கு அறிக்கைகளில் ஒரு குறியீட்டு எண்தான் இருக்கும். ஒரு ஆலோசனை நிறுவனம் ஒரு குறியீடு கொடுக்கும். 50 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நிறுவனம் அதே உயிரிக்கு வேறு குறியீடு கொடுத்திருக்கும். இரண்டும் ஒன்றா, வேறா? ஒன்று என்றால் அது பரவலாக வாழும் உயிரி, பெரிய கவலை இல்லை. வேறு என்றால் ஒரே சுரங்கம் ஒரு இனத்தையே முடித்துவிடலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஹோலோடைப்பும் டிஎன்ஏவும் கைவசம் வேண்டும். குறியீட்டை மட்டும் வைத்து எதையும் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்க வைப்பது பெரும்பாடு.

யூமிலிப்ஸ் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் மார்க் ஹார்வி, 2002-லேயே இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தவர். மொத்த வாழிடமே 10 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் உயிரிகளைத் தனி வகையாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். நத்தை, மரவட்டை, சில சிலந்திகள் இதில் வரும். பறக்காது, நீந்தாது, வறண்ட தரையைக் கடக்காது. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயேதான். 95 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் என்பது ஓர் உலகமே காணாமல் போவது. யூமிலிப்ஸ் விவரிக்கப்பட்டபோது அது தெரிந்த இடமெல்லாம் அந்தச் சுரங்கப் பகுதியின் சில துளைகள்தான். அங்கே தங்கம் மட்டுமில்லை, பேட்டரிக்கு வேண்டிய லித்தியமும் தேடுகிறார்கள். கையில் இருக்கும் போனுக்கும் அந்த மரவட்டைக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை.

இதற்கிடையே மற்ற நாடுகளிலும் மரவட்டைப் பட்டியல் நீண்டுகொண்டேதான் இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் இருந்து 17 புது இனங்களை ஒரே மூச்சில் விவரித்தார்கள். அதில் டென்னசியில் கிடைத்த ஒன்றுக்கு, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நினைவாக ‘நனாரியா ஸ்விஃப்டே’ என்று பெயர். பெயர் வைத்த டெரெக் ஹென்னன் அவருடைய தீவிர ரசிகர். லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரை ஒட்டி, தினமும் மக்கள் நடைப்பயிற்சி போகும் பூங்காவிலேயே கிடைத்த, 486 கால்கள் கொண்ட ‘இல்லாக்மி சோகால்’ 2023-ல் விவரிக்கப்பட்டது. பழைய சாம்பியனின் நெருங்கிய சொந்தம். அந்தக் கட்டுரையிலும் மாரெக் இருக்கிறார்.

1,306 என்ற எண் எவ்வளவு நாள் தாங்கும்? கால் எண்ணப்பட்ட நான்கில் இரண்டு பெண்கள். 998-க்கும் 1,306-க்கும் நடுவே 77 வளையங்கள் வித்தியாசம். இந்த இனம் தோலுரிக்கும்போதெல்லாம் கால் சேர்த்துக்கொண்டே போகும் ஜாதி. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏதோ ஒரு விரிசலில், அந்தப் பெண்ணைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தோலுரித்த ஒரு கிழவி ஊர்ந்துகொண்டிருந்தால், அடுத்த சருகுக் கோப்பையில் அவள் ஏறினாலே போதும்.